ஒரு யூனிட்

குருமண்வெளித் துறையில் இன்று
பாதைக்கு எஞ்சின் இல்லை.
"பெல்ட் அறுந்து போச்சு கா" என்றான் நேசராசா,
பக்கத்து வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்பதுபோல.
கயிறு இருக்கிறது, கை இருக்கிறது,
அக்கரையில் மண்டூர் இருக்கிறது.

அங்கே எனக்கு முப்பத்தெட்டு மீற்றர்.
தட்டுச் சுற்றும், இலக்கம் எழுதுவேன்,
துண்டைக் கிழித்துக் கொடுப்பேன்,
நாய் வந்தால் ஓடுவேன்.
பன்னிரண்டு வருசம்.

முதலில் லொறி ஏறியது.
நாற்பது மூடை யூரியா.
ஆதம்பாவா நடுப்பாதைக்கு வந்து
பட்டென்று பிறேக்கை மிதித்தார்.
லொறி நின்றது,
லொறியின் ஓட்டம் நிற்கவில்லை.
சில்லு அதைப் பலகைக்குக் கொடுத்தது,
பலகை வாங்கிக்கொண்டு
கரையை விட்டு நகர்ந்தது.

நான் அப்போது
முன்சில்லு பலகையில்,
பின்சில்லு கொங்கிறீட்டில்.
நடுவில் ஒரு சாண் வாவி.
மறுகா ஒரு முழம்.
பிறேக்கா அக்சிலேற்றரா என்று
கை என்னைக் கேட்டது.
எனக்குத் தெரியவில்லை.

பேரின்பத்துக்குத் தெரிந்திருந்தது.
கயிற்றுத் தலைப்பை எடுத்து
துறைக்கட்டையில் ஒரு சுற்று,
இன்னொன்று,
மூன்றாவதில் கயிறு கிறீச்சிட்டது.
லொறியும் மூடையும் ஆதம்பாவாவும்
பத்துப் பன்னிரண்டு சைக்கிளும் சேர்ந்து இழுத்ததை
மெலிந்த ஒரு மனிசன்
சாய்ந்து நின்று பிடித்தான்.
பிடித்தது அவனில்லை, அந்த மூன்று சுற்று.
அவன் அதை விடாமல் நின்றான், அவ்வளவுதான்.

"ஏறுங்க கா, என்ன பாக்கிறீங்க?"

ஏறவில்லை. ஸ்கூட்டியைப் பின்னுக்கு இழுத்துவிட்டு
கட்டையைத் தொட்டேன்.
சுட்டது.
காய்ச்சல் நெற்றியைப்போல மெல்லியதாய்.
ஓட்டம் போன இடம் இதுதான்.
மிச்சம் அவன் உள்ளங்கையில்
சிவப்பாய் ஒரு கோடு.

மறுகா இழுத்தார்கள், நாலு பேர்.
முதல் அசைவுக்குத்தான் முதுகு வளைந்தது.
அசையாததை அசைக்கிற
அந்த ஒரு மூச்சு.
நகரத் தொடங்கிய பிறகு
பாதை தானாய்ப் போவதுபோல் போனது,
நேசராசா வெற்றிலைகூடப் போட்டான்.
மண்டூர்க் கரை கிட்ட வர
அதே நாலு பேரும் மறுபக்கம் சாய்ந்தார்கள்,
இப்போது நிற்பாட்ட.

நடுவாவியில் நான்
கட்டணத் துண்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஐம்பது கிலோ மூடை ஒன்றை
லொறித் தட்டு உயரத்துக்குத் தூக்குகிற வேலை.
அதை ஆறாயிரம் தரத்துக்கு மேல் செய்தால்தான்
ஒரு யூனிட்.
திருத்தித் திருத்திப் போட்டேன்.
விடை மாறவில்லை.
பகல் முழுதும் கயிறு இழுக்கிற ஒருத்தன்
பொழுது சாய
அரை யூனிட்டைக் கொஞ்சம் தாண்டியிருப்பான்.

மண்டூரில் மாடிவீடு.
தண்ணீர்ப் பம்ப், குளிர்சாதனப் பெட்டி இரண்டு.
இருநூற்றிப் பதினாறு.
"கூட வந்திருக்கே பிள்ள, மீற்றர் பிழையோ?"
பிழையில்லை என்றேன்.
லீவு இல்லாமல் ஒரு மனிசனின்
ஒரு வருசம் அது என்று
சொல்ல வாய் வந்தது.
துண்டைக் கிழித்தேன்.

கோயிலுக்குப் பின்னால் கடைசி ஒழுங்கை,
பேரின்பத்தின் வீடு.
ஆளில்லை. உள்ளே எங்கேயோ ஒரு மின்விசிறி
யாருமில்லாமல் சுற்றியது.
தட்டின் கறுத்தக் கோடு
வரும், போகும், வர நேரமெடுக்கும்.
முப்பத்தொன்று.
எழுதும்போது கையெழுத்துக் கோணியது.

திரும்பி வர ஐந்து மணி.
பெல்ட் வந்துவிட்டது, எஞ்சின் புகைத்தது.
நேசராசா பாட்டுப் போட்டிருந்தான்.
பேரின்பம் கையில் ஏதோ எண்ணெய் பூசி
மடியில் மல்லாத்தி வைத்திருந்தான்.
"மின்விசிறி ஓடுது" என்றேன்.
"அது பூனைக்கு" என்றான்.
சிரித்தானா தெரியவில்லை.

குருமண்வெளியில் இறங்கி அந்தக் கட்டையைத் தொட்டேன்.
குளிர்ந்து கிடந்தது.
காற்றுக்கும் தண்ணீருக்கும் போயிருக்கும்,
எந்த மீற்றரிலும் ஏறாமல்.

மறுநாளும் லொறி முன்னால் நின்றது.
இந்தமுறை அது நிற்கும்வரை பார்த்திருந்து
நான் இறங்கி
ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு ஏறினேன்.