ஒன்பது ஒன்றுகள்

ஸ்ரான்லி வீதியில் வாங்கினேன்,
கட்டைவிரல் நீளக் குச்சி.
"டிவி பாக்கத்தானே?" என்றான் கடைப்பையன்.
ஓம் என்றேன்.

குச்சிக்குள் றேடியோ இல்லை.
காற்றை எண்களாக்கி லப்ரொப்புக்குள் கொட்டும்,
அவ்வளவுதான்.
திருகிப் பிடிக்கக் குமிழ் கிடையாது.
அலைவரிசை, வடிகட்டி, காது
எல்லாம் நான் எழுதுகிற வரிகள்.
ஒரு கமா பிழைத்தால் செவிடு.

ஜாம் போத்தலைச் சுற்றி
நூற்றிருபது சுற்று செப்புக்கம்பி,
செத்த மின்விசிறியிலிருந்து உரித்தது.
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா கனகேஸ்வரி அன்ரி.
"பிள்ளை, உது என்ன, அன்ரனாவே?
முந்தி உதுக்கே பிடிச்சுக்கொண்டு போவாங்கள்."
"நண்டுக் கொம்பனி அட்டைக்கு, அன்ரி."
"நண்டுக்கோ!" என்றுவிட்டு
காயப்போட்ட மிளகாயைக் கிளறப் போய்விட்டா.

கொம்பனி நாவாந்துறைப் பக்கம்.
காலை ஏழுக்குக் கதவடியில் வரிசை.
கழுத்தில் தொங்கும் வெள்ளை அட்டையை
ஒவ்வொருத்தியாய்ச் சுவர்ப்பெட்டிக்குக் காட்டுவோம்.
பீப். பெயர். பச்சை.
பீப். பெயர். பச்சை.
எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத நண்டுமணம்
என் விரலில், அட்டையிலும்.

அட்டைக்குப் பற்றறி இல்லை.
கேட்கிற பெட்டியிடமே மின்சாரம் வாங்கி
அதைக்கொண்டே பதில் சொல்லும்.
யார் கேட்டாலும் சொல்லும்.
ஏன் கேட்கிறாய் என்று ஒருநாளும் கேளாது.
அம்மாவின் பழைய அடையாள அட்டை,
பொலித்தீன் மஞ்சளாகி, நாலு மூலையும் நைந்து,
அதை நீட்டி நீட்டியே அவவின் வலக்கை...
வேண்டாம். அலைக்கு வருகிறேன்.

திரையில் அது தெளிந்தபோது இரவு ஒன்றரை.
பச்சைக்கோடு கேணிப்படி மாதிரி
ஏறி இறங்கி ஏறி.
முதலில் ஒன்பது ஒன்றுகள்.
இந்த வகை அட்டை அப்படித்தான் தொடங்கும்,
ஒன்பது தரம் தொண்டையைச் செருமி.
பிறகு நான்.
நாற்பது பிட்டுக்குள் நான் முழுக்க அடங்கிவிட்டேன்,
நாலுக்கு ஒன்றாய்ச் சாட்சிப் பிட் வேறு.
கடைசியில் ஒரு சுழியம்.
மூச்செடுக்க நேரமில்லை,
திரும்பவும் செருமல்.

நடிக்கவைப்பது அதைவிட லேசு.
சுருளின் இரு முனையையும்
ஒரு ட்ரான்சிஸ்டரால் தொட்டுத் தொட்டு விட
பெட்டி பரப்பும் புலம் சற்றே நெளியும்.
அந்த நெளிவைத்தான்
பெட்டி பெயர் என்று நம்புகிறது.

வெள்ளிக்கிழமை, ஒருத்தரும் வரமுதல்,
சுருளைச் சட்டைக்கைக்குள் ஒளித்துக்கொண்டு போனேன்.
வாசற்காரர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்.
பீப்.
யோ. தர்மினி.
பச்சை.
அட்டையோ வீட்டில், மேசை லாச்சிக்குள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
என் எண்ணில் ஒன்றைக் குறைத்தேன்.
ஒன்றைக் குறைத்தால் சாட்சிகளும் மாறவேண்டும்,
வரிசைக்கும் நிரலுக்கும்.
பொய்யையும் ஒழுங்காய்ச் சொல்லவேணும்.

பீப்.
பெ. நிக்சன் றொபேட்.
சிவப்பு.

எங்கள் நிக்சன்.
கட்டாருக்குப் போய் எட்டு மாதம்.
போகிற அன்று எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கித் தந்தவன்,
குளிரறைக்குள் விசிலடித்ததற்கு
இரண்டு தரம் கடிதம் வாங்கியவன்.
சிவப்பென்றால் செல்லாது, அவ்வளவுதானே என்று
சுருளை எடுக்கப் போனேன்.
பெயருக்குக் கீழே இன்னொரு வரி:
ஏற்கனவே உள்ளே. 6.41.

மணி பத்துக் குறைய ஏழு.
நண்டு வெட்டும் மண்டபத்தில் வெளிச்சமில்லை.
மேசைகள் கழுவிக் கவிழ்த்தபடி.
சம்பளக் கந்தோர் யன்னலில் மட்டும் ஒரு பல்ப்,
வேப்பமரத்தடியில் தயாநிதி அண்ணையின் மோட்டார்சைக்கிள்.
சைலன்சரில் விரல் வைத்துப் பார்த்தேன்.
சுட்டது.

எட்டு மாதம்.
ஒருநாள் லீவு எடுத்திருக்கமாட்டான் நிக்சன்.
விசில் மட்டும் இல்லை.

கதவு திறந்தது.
விரல்நுனியில் வெள்ளை அட்டையைச் சுழற்றியபடி அவர்.
"என்ன பிள்ளை, இண்டைக்கு வெள்ளன?"

நான் தொண்டையைச் செருமினேன்.