உலை கொதிக்குது

காய்ச்சல் வருஷம் அது.
போர் லூயியில் வசதி உள்ளவர்கள் எல்லாம்
கட்டைவிரல் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.
தச்சர்கள் பெட்டி அடித்து அடித்து
நாற்காலி செய்ய மறந்திருந்தார்கள்.
அப்போதா வந்து இறங்குவீர்கள்
லவீனியா துரைசானி,
பதினோரு டிரங்குப் பெட்டி உடுப்பும்
சுருட்டிக் கட்டிய துணிக்கோட்டை ஒன்றும்
ஒரு பூனையுமாக?

மெல்போர்னில் மானேஜர்
வசூலோடு ஓடிப்போனான் என்று
சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.
அவன்தான் உங்கள் புருஷன் என்பதை
மூன்றாம் நாள் சொன்னீர்கள்,
இடுப்புச் சுருக்கத்துக்கு ஊசி குத்த
நான் குனிந்திருந்தபோது.

நோட்டீசில் நாடகம் எழுதியவர் என்று
அவன் பெயர்தான் இருந்தது.
எழுதியது நீங்கள்.
ஒப்பனை மேசையில், பென்சிலால்,
சலவைக் கணக்கின் பின்பக்கத்தில்.

நமக்குள் பேச்சு உடைந்த பிரெஞ்சில்.
உங்களுடையது மேடையில் பொறுக்கியது,
என்னுடையது சந்தையில்.
ஏழு வயதில் முதல் வேஷம்,
செத்த குழந்தை, என்றீர்கள்.
தும்மிவிட்டேன். அம்மா அடித்தாள்.

சனிக்கிழமை, தங்கை வேஷக்காரியும் விழுந்தாள்.
நீங்கள் உடுப்பைப் பார்த்தீர்கள்,
பிறகு என்னை.
படுத்தால் போதும் தைலம்மை,
கடைசியில் ஒரே ஒரு வரி.
இங்கிலீஷ். நாலு தடவை சொல்லிக் கொடுத்தீர்கள்.
அவனை மன்னித்துவிடு என்று அர்த்தமாம்.

படுப்பது எனக்குத் தெரியும்.
குமாரப்பனை மேற்குக் கல்லறையில் வைத்து
நாற்பது நாள்கூட ஆகவில்லை.
கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டணும் என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டீர்கள்.

கீழே பதினாலு தலை.
மேலே காலரியில் துறைமுகத்து நம் ஆட்கள்,
இலவசம், ஈரச் சாக்கு வாடையோடு.
என் மேல் விழுந்து அழுதீர்கள்.
கண்ணீர் நிஜம், பவுடர் வழிந்து என் வாயில் கசந்தது.
வரி வந்தது.
இங்கிலீஷ் எங்கே போனதோ.
அடுப்பில் வைத்துவிட்டு வந்த பானைதான்
மண்டைக்குள் இருந்தது.
சொல்லிவிட்டேன்:

உலை கொதிக்குது. அரிசி போடலை.

பதினாலு பேரும் ஏதோ மந்திரம் என்று
தொப்பியைக் கழற்றினார்கள்.
காலரியில் ஒருத்தன் சிரிக்க ஆரம்பித்தான்.
அந்தச் சிரிப்பு பாதி வழியில்
வேறு சத்தமாகிவிட்டது.

நீங்கள் திட்டவில்லை.
திரைக்குப் பின்னால் விளக்கை என் முகத்தருகே வைத்து
மறுபடி சொல், மறுபடி சொல் என்று
என் வாயைப் பார்த்து
உங்கள் எழுத்தில் எழுதினீர்கள்.
கொதிக்குது என்பது உங்களுக்குக் கொடிக்குடு.
மூன்று முறை திருத்தினேன். வரவில்லை.
அர்த்தம் கேட்டீர்கள். சொன்னேன்.
மன்னித்துவிடு என்ற வரியைப்
பென்சில் முனை ஒடியும்படி அடித்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை கப்பல்.
வெள்ளை சாட்டின் ஒன்பது கஜம், தையல் கூலி,
பிணமாகப் படுத்த கூலி:
கணக்கு என் நோட்டில் இன்னும் திறந்தே கிடக்கிறது.

போன மாசம் லஸ்கர் சேகு மதாறு வந்தான்.
உங்கள் தேசத்துத் துறைமுகம் ஒன்றில்
நாடகம் பார்த்தானாம்.
சாகிற பெண் தலை தூக்கித்
தமிழில் பேசினாளாம்.
வெள்ளைக்காரர்கள் கைக்குட்டை நனைய அழுதார்களாம்.
வாசலில் எழுதியவர் பெயரை
யாரோ வாசித்துக் காட்ட, பொம்பளைப் பெயர் என்றானாம்.
இவனுக்குப் பசி எடுத்ததாம்.

மதாறு புளுகன்.
திமிங்கிலத்தின் முதுகில் சோறு வடித்தேன் என்றவன்.
எந்த ஊர் என்று கேட்டால் தலையைச் சொறிகிறான்.

ஆனால் போகிற போக்கில் சொன்னான்:
என்னமோ கொடிக்குடு, கொடிக்குடுன்னா அக்கா.