மேற்படி

வரிக்கு நாற்பது காசு.
வலங்கைமான் தாலுகா ஆபீஸ் மாடியில்
ஆறு கணினி, ஒரு மின்விசிறி,
தொண்ணூற்றெட்டாம் வருசத்து வைகாசி.
"கண்ணுல பட்டதை அடி, யோசிக்காதே" என்றார்
மேற்பார்வைக்கு வந்த ஹாஜா மைதீன்.
யோசித்தால் நாளுக்கு முந்நூறு வரி தாண்டாது.
நான் அறுநூறு அடித்தேன்.

அ பதிவேட்டை எழுதிய கை யாருடையதோ,
கடைசி எழுத்தின் சுழியை
அடுத்த கட்டத்துக்குள் வழியவிடும் கை.
அந்தக் கைக்கும் வலித்திருக்கும்.
112/9க்கு நேரே 'வாய்க்கால் புறம்போக்கு' என்று
முழுசாய் எழுதிவிட்டு
பத்துக்கும் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும்
மேற்படி, மேற்படி, மேற்படி.
தாளில் அது போதும்.
தாளில் மேலே என்றால் மேலேதான்.

நானும் மேற்படி என்றே அடித்தேன்.
நாலு எழுத்து, நாற்பது காசு.

பிறகு எங்கோ ஒரு குளிர்ந்த அறையில்
யாரோ வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்.
அந்தக் கணினிக்கு எண்ணும் ஓர் எழுத்து.
ஒன்றுக்கு அடுத்துப் பத்து,
பதினொன்று, பன்னிரண்டு,
அப்புறம்தான் இரண்டு.
112/1, நத்தம் மனை.
அதன் கீழே போய் நின்றது
112/10, மேற்படி.

ஓடுகிற தண்ணீர் அப்படித்தான் மனையானது.

யாரும் பொய் சொல்லவில்லை.
பட்டா கேட்டவர் திரையில் இருந்ததைக் கேட்டார்.
கொடுத்தவர் திரையில் இருந்ததைக் கொடுத்தார்.
வங்கி அதையே பார்த்துக் கடன் தந்தது.
கல்யாண மண்டபம் எழுந்தது, ஏசியோடு,
சமையற்கட்டு சரியாக மதகு இருந்த இடத்தில்.

போன கார்த்திகையில் மூன்று நாள் அடைமழை.
சடையன் வாய்க்கால் தன் பழைய வழியே வந்து
மண்டபத்து மதிலில் முட்டியது.
நீரிடம் பட்டா இல்லை. திரும்பிப் போய்
பாக்கியலெட்சுமியின் ஆறு மா சம்பாவில்
ஏறி உட்கார்ந்துகொண்டது.
தூர் கட்டிய பயிர்.
ஒன்பது நாள் வடியவில்லை.

இப்போது எனக்கு இ-சேவை மையத்தில் வேலை.
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள்,
உரச்சாக்கு வெட்டித் தைத்த பையில்
பதில் கடிதத்தோடு.
"மேற்படி இடத்தில் ஆவணப்படி வாய்க்கால் ஏதும் இல்லை.
மேற்படி மனு முடித்துவைக்கப்பட்டது."
"மேற்படி மேற்படிங்கிறாங்களே,
எதுக்கு மேலே?" என்றாள்.

நூற்றுப் பன்னிரண்டு.
எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.
அடித்த பக்கத்தை நினைவில் வைத்தால்
அடுத்த பக்கம் அடிக்க முடியாது.

அரைநாள் விடுப்பு. சாவி வேதரெத்தினத்திடம்.
ஓரம் பூச்சி தின்ற பதிவேட்டில்
வாய்க்கால் அப்படியே கிடந்தது,
சுழி அடுத்த கட்டத்துக்குள் வழிந்தபடி.
பக்கத்தின் அடியில் பென்சிலில்,
சரிபார்த்ததற்கு அடையாளமாய்,
ஒரு 'ரெ'.
ரெஜினாவின் ரெ.
என் ரெ.

செல்போனில் படம் எடுத்தேன்.
இணைப்பு ஒரு எம்பிக்கு மேல் ஏறாது.
சுருக்கினேன், மேற்படிகள் எறும்பாயின.
இன்னும் சுருக்கினேன்,
எறும்புகளும் போயின.

ஆகவே மனுவிலேயே அடிக்கிறேன்.
112/9 வாய்க்கால் புறம்போக்கு.
112/10 வாய்க்கால் புறம்போக்கு.
112/11 வாய்க்கால் புறம்போக்கு.
112/12 வாய்க்கால் புறம்போக்கு.
"எதுக்கும்மா அதையே திரும்பத் திரும்ப?" என்கிறாள்.
"இருக்கட்டுங்க" என்கிறேன்.
பென்சில் எழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை.
நாளைக்குச் சொல்வேனா, தெரியவில்லை.

கட்டணம் அறுபது ரூபாய்.
ரசீது வந்துவிட்டது, அவள் பேர்
'பாக்கியலட்சுமி' என்று.
ஆதாரில் லெ. இங்கே ல.

அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன்.
வரிசையில் பின்னால் நிற்பவர்
மணி பார்க்கிறார்.