மொத்த எடை

ராத்திரி ரெண்டு நாற்பது. தூறல்.
எண்ணூர் விரைவு சாலையில், கண்ணுக்கு எட்டின வரை
டிரெய்லர்கள் ஒன்றன் முதுகில் ஒன்று
மூக்கு வைத்து நிற்கின்றன.
என் கண்ணாடிக் கூண்டுக்குள் மேசை விசிறி,
பிரிண்டர், கொசுவத்தி,
சிவப்பாய் ஒரு சுழி.

குத்தூஸ் பாய் வண்டியை மேடையில் ஏற்றினார்.
நாற்பதடிப் பெட்டி. சுங்க முத்திரை.
உள்ளே இரும்புச் சுருள்கள்.
சுழி கலைந்து, ஓடி, மூச்சுவாங்கி நின்றது:
முப்பத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது.
வரம்புக்குள்தான்.
ரசீதைக் கிழித்து ஜன்னலில் நீட்டினேன்.
அவர் வாங்கவில்லை.

"மொத்தம் சரிதாம்மா.
எங்க குந்தினு இருக்குதுன்னு பாரு."

எர்ணாவூர் மேம்பாலம் ஏறும்போது
குதிரைக்குக் கால் வழுக்கியதாம்.
எஞ்சின் இருக்கிற முன்பாதியை
அவர்கள் குதிரை என்பார்கள்.
இறங்கும்போது பிரேக்கை மிதித்தால்
பின்னாலிருந்து எவனோ தோளைப் பிடித்துத் தள்ளுகிறானாம்.
"நானா இழுக்கிறேன்? அதுதான் என்னை ஓட்டுது."

எனக்கு உடனே புரிந்தது.
போன சித்திரையில் தண்ணி லாரி வராத எட்டு நாளும்
ஸ்கூட்டியில் பின் சீட்டுக்கும் பின்னே
இரண்டு கேன் கட்டிக்கொண்டு அதே பாலம் ஏறினவள் நான்.
ஹேண்டில் என் கையில் இருந்தது.
ரோட்டில் இல்லை.

"பின்னால எடுங்க பாய்,
கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க" என்றேன்.
விலைப்பலகையில் இப்படி ஓர் எடை கிடையாது.

முன் சக்கரம் மட்டும்:
ஐயாயிரத்து முன்னூற்றுப் பத்து.
குதிரை முழுசும்:
ஒன்பதாயிரத்து ஐந்நூற்று எழுபது.
கால்குலேட்டர் எடுக்காமல் கழித்தேன்,
நம்பாமல் எடுத்தும் கழித்தேன்.
இழுக்க வேண்டிய சக்கரங்களின் மேல்
நாலே கால் டன்.
வால் பக்கத்து மூன்று அச்சில் முப்பது.
அங்கே இருபத்தேழுக்கு மேல் ஏற்றக் கூடாது.

யாரோ சுருள்களைக் கதவோரமே நிறுத்திவிட்டார்கள்.
ஃபோர்க்லிஃப்ட் உள்ளே வரை போகச்
சோம்பல்பட்ட ஏதோ ஒரு சாயங்காலம்.
அது இப்போது இவர் முதுகில்.

பிரிண்டருக்கு மொத்தம் மட்டும்தான் தெரியும்.
மூன்று எண்களையும் ரசீதின் பின்பக்கம்
பேனாவால் எழுதினேன்.
கிருபாவதி என்று கையெழுத்தும் போட்டேன்.
அது எங்கேயும் செல்லாது. தெரியும்.

ஸ்பீக்கரில் அவருடைய ஓனர்:
"சிலிப்புல வெயிட்டு ஓகேன்னா ஓகேதான்.
ஆறு மணிக்கு கேட்டு மூடிடுவான்."
முத்திரையை உடைக்க டிரைவருக்கு உரிமை இல்லை.
ஓட்டாமல் இருக்க?
அதை எந்தப் பலகையிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

பின்னால் ஹார்ன். அதன் பின்னால் ஹார்ன்.
ஒருத்தன் இறங்கி வந்து என் அம்மாவைப் பற்றிப் பேசினான்.
குத்தூஸ் பாய் மேடையை விட்டு இறங்கி,
மணலிச் சுடர் எரியும் பக்கமாக
வண்டியை மெல்ல ஓரம் கட்டினார்.
சக்கரங்களுக்குக் கல் வைத்தார்.
ஒரு கல்லை எடுத்து, பார்த்து,
அதைவிடப் பெரிய கல்லாக வைத்தார்.
ஓனர் மறுபடி அழைத்தார். அது அடித்து ஓய்ந்தது.
அப்புறம் என் ஜன்னலுக்கு வந்து
"டீ சொல்லவா?" என்றார்.

ஆறு மணிக்குக் கணக்கு ஒப்படைத்தேன்.
மெஷினில் மூன்று எடை, ரசீது ஒன்று.
மீதி இரண்டுக்கு நூற்றறுபது ரூபாய்
என் பையிலிருந்து.
எங்கள் முதலாளிக்கும் மொத்தம்தான் சரியாக வேண்டும்.

வெளியே வந்தேன். தூறல் விட்டிருந்தது.
குதிரையின் ஜன்னலில் இரண்டு பாதங்கள்,
ஒன்றில் மட்டும் சாக்ஸ்.
பெட்டி அசையாமல் தன் வாலின் மேல் உட்கார்ந்திருந்தது.
முத்திரை உடைக்கிற ஆள் மாதவரம் தாண்டிவிட்டதாக
மூன்று மணி நேரமாய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.