நட்சத்திரக் குறியிடாத கேள்வி

டெல்லியில் ஒருவர் கேட்டுவிட்டார்:
சூரிய விளக்குக்குச் செலவு எவ்வளவு,
எரிபவை எத்தனை.
கேள்வி சென்னை சுற்றி, கிருஷ்ணகிரி வந்து
தளி ஒன்றிய ஆபீசில் என் மேசையில் விழும்போது
அவகாசம் இன்று மாலை நாலு மணி.

அஞ்செட்டிக்கு மேலே
கடைசி பஸ் திரும்பும் இடத்தில் பதினேழாம் கம்பம்.
பேட்டரி போய் இரண்டு வருஷம்.
கழன்று விழுந்த தகட்டில் திம்மக்கா
கொள்ளு காயப்போடுகிறாள்.

டேங்க் ஆபரேட்டர் பசவராஜைக் கேட்டேன்.
"கம்பம் நிக்குதுங்க சார்."
நிறுவப்பட்டது, செயல்படுகிறது:
படிவத்தில் இரண்டே கட்டம்.
நிற்கிறதுக்குக் கட்டம் இல்லை.

நட்சத்திரம் போடாத கேள்வி.
அவையில் யாரும் வாய் திறக்க வேண்டாம்,
துணைக் கேள்வி வராது,
தாள் போனால் போதும்.

போன மாசம் ராகிக் கொல்லையில் மாதப்பா
யானை வந்ததை
அதன் மூச்சில்தான் தெரிந்துகொண்டான்.
ஓடியதில் ஒரு கால் போயிற்று.

மூன்று ஐம்பது.
நிறுவியவை நூற்று எண்பத்து நாலு.
செயல்படுபவைக்கும் அதையே அடித்து,
நாலை அழித்து
மூன்று போட்டேன்.

ஐந்து மணிக்கு மாவட்டத்திலிருந்து போன்:
"அந்த மூணு,
டைப்பிங் மிஸ்டேக்தானே?"