பன்னிரண்டாவது டேக்

விழுவதற்காக என்னைக் கூலிக்கு எடுத்திருக்கிறார்கள்.
நாளொன்றுக்கு அறுநூறு ஸ்வோட்டி,
முதுகு பிடித்துக்கொண்டால் தனி.

வூச் நகரத்தில் மூடிப்போன பஞ்சாலை.
தறிகளைப் பூட்டிவைத்த துளைகளின் மேல்
பலகை போட்டு, நான்கு வரிசைக் கயிறு கட்டி
ஒரு கோதா.
வியர்வை, கிளிசரின்.
ரத்தம், பீட்ரூட்டும் சர்க்கரைப் பாகும்;
உதட்டில் பட்டால் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவின் சூப்.
பின்வரிசைக் கூட்டம் காற்றடைத்த பொம்மைகள்.
அவர்களுக்கும் தொப்பி வைத்திருக்கிறார்கள்.

என்னை வெல்லப்போகும் பையன் ஒல்கியெர்ட்.
கைக்கு க்ரீம் பூசுகிறவன், நல்லவன்.
என் தாடைக்கு நான்கு விரற்கடை தள்ளித்தான்
அவன் முஷ்டி போகிறது.
போகும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்கிறான்,
படாத அடிக்கு.

படத்தில் நான் ஐந்தாம் சுற்றில் சாகிறேன்.
கொன்றவன் குடிக்கிறான், சுவரில் குத்துகிறான்,
மழையில் ஓடுகிறான்,
கடைசியில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அழுகிறான்.
இயக்குநர் இதற்கு மீட்சி என்று பெயர் சொன்னார்.
நான் தலையாட்டினேன்.

சொல்லாமல் விட்டது இது:
இருபத்தொரு ஆண்டுக்கு முன், பித்கோஷ்ச் விளையாட்டரங்கில்,
அறுபத்தேழு கிலோப் பிரிவில்,
இரெனேயுஷ் என்றொருவனின் காதோரம்
என் இடது கை போய்ச் சேர்ந்தது.
நல்ல குத்து.
இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்,
அந்தக் கைக்குப் பொய் வராது.
ஒன்பதாம் நாள் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

நான் மழையில் ஓடவில்லை.
டயர் கடையில் சேர்ந்தேன்.
மாதாமாதம் அவன் வீட்டுக்கு மணியார்டர் அனுப்பினேன்,
மாதாமாதம் திரும்பி வந்தது.
ஒரே ஒரு டிசம்பரில் மட்டும் வரவில்லை.
பனியில் தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.
ஜனவரியில் அனுப்பியது மறுபடியும் வந்துவிட்டது.

பதினோராவது முறை விழுந்து
கான்வாஸில் கன்னம் பதித்துக் கிடந்தபோது
கீழ்க் கயிற்றுக்கு அடியில் ஒரு முகம் பார்த்தேன்.
இரண்டாம் வரிசை, பொம்மையில்லை.
வாடகைக் கோட்டு, காகிதக் குவளை,
அவனுடைய புருவம்.

விளக்கு மாற்றும் இடைவேளையில் அவளே வந்தாள்.
போக்னா, தங்கை.
எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.
துணைநடிகைக்குச் சம்பளம் நூற்றிருபது என்றாள்.
சூப்பில் உப்பில்லை என்றாள்.
பிறகு,
"ஏழாவது தடவை நல்லா விழுந்தீங்க."
குவளையின் விளிம்பைக் கிழித்தாள், வட்டமாக, மெதுவாக.
"ஆனா அவன் அப்படி விழலை.
முதல்ல உக்காரப் பார்த்தான்.
பின்னாடி நாற்காலி இருக்குன்னு நெனச்சான் போல,
கையால துழாவினான்."

எனக்குத் தெரியாது.
நான் பார்க்கவில்லை.
அந்த நேரத்தில் நான் முதுகைக் காட்டி
மூலைக்கு நடந்துகொண்டிருந்தேன்,
இரு கையும் தூக்கி.

பன்னிரண்டாவது டேக்.
படாத அடி வந்தது.
முழங்கால் மடங்கியது,
வலது கை பின்னே போய்
இல்லாத ஒரு முதுகுப்பலகையைத் தேடியது.
இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கலாம், இன்னும் கொஞ்சம்.
தேடத் தேட எனக்கே நம்பிக்கை வந்தது
யாரோ போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள் என்று.

கட், என்றார்கள்.
"லெஷெக், என்ன செய்யறீங்க?
மரம் மாதிரி சாயணும், மரம்!"
பதின்மூன்றாவதில் மரம் மாதிரி சாய்ந்தேன்.
படத்தில் வரப்போவது அதுதான்.
ஒல்கியெர்ட் மட்டும் என்னைத் தூக்கிவிட்டு
வழக்கமான மன்னிப்பைக் கேட்க மறந்து நின்றான்.

சம்பள வரிசையில் எனக்கு முன்னால் அவள்.
கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
ஸ்வெட்டரோடு நின்றாள், தோளில் குளிர்.
பேனா எழுதவில்லை; உதறினாள், ஊதினாள்,
எழுதியது.
என் பக்கம் திரும்பாமல்
கையெழுத்தை முடித்துக்கொண்டே சொன்னாள்:
"அந்த டிசம்பர்ல
கரி வாங்கினோம்."