நீலம் என்றால் போகிறது

புன்டா அரேனஸில் காற்று
ஆளைப் பார்த்து அடிப்பதில்லை.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கிறார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அந்தக் கயிற்றைப் பிடித்தபடிதான் வந்தாராம்
ஃபிடேல் மாருசிச்,
வலது காலை அடுத்தவர் மூட்டைபோல இழுத்துக்கொண்டு.

ஒசோர்னோவிலிருந்து முப்பத்தொரு மணி நேரம்.
லாரி நிறையக் கூரைத் தகடு.
எங்கள் நாட்டுக்குள்ளேயே வரப் பாதை இல்லை;
சிலியை விட்டு வெளியேறி
அர்ஜென்டினாவைக் கடந்து
மறுபடி சிலிக்குள் நுழைய வேண்டும்.
நான்கு சாவடி, நான்கு முத்திரை.
"புறப்பட்ட நாட்டுக்கே வந்து சேர
இத்தனை காகிதம், சென்யோரா."
கெண்டைக்கால் பளபளவென்று வீங்கி
காலுறையின் விளிம்பு தோலில் வாய்க்கால் வெட்டியிருந்தது.

ஜெல்லை ஹீட்டர்மேல்தான் வைத்திருந்தேன்.
இருந்தும் குளிர்கிறது என்றார்.
எல்லோரும் சொல்வதுதான்.

திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார்.
சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தமா?
இல்லை, டோன் ஃபிடேல்.
இந்தக் கருவிக்கு நல்லது கெட்டது தெரியாது.
தன்னை நோக்கி வருவது சிவப்பு,
தன்னைவிட்டுப் போவது நீலம்.
மணிக்கட்டைத் துளி சாய்க்கிறேன், பாருங்கள்:
அதே குழாய், அதே ரத்தம்,
நீலம் சிவப்பாகிவிட்டது.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு சொன்னார்:
"என் மகள் இக்கிக்கேவுக்குப் போய்விட்டாள்
என்று நான் சொல்கிறேன்.
வந்து சேர்ந்தேன் என்று அவள் எழுதுகிறாள்."

தொடையிடுக்கிலிருந்து கீழே இறங்கினேன்,
இரண்டு விரற்கடைக்கு ஓர் அழுத்தம்.
தமனி லேசில் மசியாது;
துடித்துக்கொண்டே நிற்கும், அதன் குணம் அது.
பக்கத்துச் சிரை மூட வேண்டும்,
தூக்கக் கலக்கத்தில் இமை மூடுகிற மாதிரி.
மூடியது.
மூடியது.
இன்னும் கீழே, மூடியது.

முழங்காலின் பின்பக்கம்
மூடவில்லை.

மறுபடி அழுத்தினேன்.
வட்டமாய், சாம்பல் பூத்து,
வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்ட பிள்ளைபோல
அப்படியே இருந்தது.
நிறத்தைப் போட்டேன்.
வேக அளவைக் குறைத்தேன்,
ஊர்ந்தாலும் தெரியட்டும் என்று.
ஓரத்தில் மட்டும் ஒரு நீல இழை,
சாவடிக்குப் பின்னால் நழுவும் கடத்தல்காரன் மாதிரி.
கெண்டையைப் பிசைந்து பார்க்க
பழக்கத்தில் கை போனது.
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.
கட்டியைக் கண்டபின் பிசையக் கூடாது.
ஒரு துணுக்கு பிய்ந்தால்
அதற்கு நுரையீரல்வரை முத்திரை கேட்க ஆளில்லை.

சொல்ல எனக்கு அனுமதி கிடையாது.
டாக்டர் சொல்வார்.
படத்தை நிறுத்தினேன், அளந்தேன்,
மறுபடி நிறுத்தினேன், அளந்தேன்.

"ஒரே இடத்தில் நான்கு தடவை"
என்றார், கூரையைப் பார்த்தபடி.
"சாவடிக்காரன் காகிதத்தை இரண்டாம் முறை புரட்டினாலே
எனக்குத் தெரிந்துவிடும்."

நான் ஜெல்லைத் துடைத்தேன்.
இவ்வளவு மெதுவாக
எதையும் துடைத்ததில்லை நான்.
எழுந்திருக்காதீர்கள், சக்கர நாற்காலி வருகிறது என்றேன்.
சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.
வண்டி கடற்கரைச் சாலையில் நிற்கிறது,
யாரையாவது விட்டு எடுக்கச் சொல்லுங்கள்,
இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும்,
அதட்டக் கூடாது.

பிப்ரவரியில் மறுபடி வந்தார்.
மெலிந்த கால். ரத்தம் இளக்கும் மாத்திரையால்
சவரம் செய்த இடத்தில் ஒரு பஞ்சு.
அதே முழங்கால், அதே இடம்.
அழுத்தினேன்.
முக்கால்வாசி மூடியது;
சுவரில் ஒரு தழும்பு, அது இருக்கும்.
இந்த முறை கெண்டையைப் பிசைந்தேன்.

"என்ன நிறம்?"
கண்ணாடியை லாரியிலேயே விட்டுவிட்டாராம்.

"நீலம்."

"போகிறதா?"

"போகிறது."

இறுக்கமான நீளக் காலுறையை மாட்ட
அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது,
திட்டிக்கொண்டே, குரோஷிய மொழியில் பாதி.
வெளிக் கதவைத் திறக்க
நாங்கள் இருவரும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தது.